கடற்கரைப் பக்கம் இரும்பு வேலையில் சூப்பர்வைசருக்கு எதிர்காலம் உண்டா?

கேள்வி: உச்சிப்புளியிலிருந்து, 19 ஏப்ரல் 2025

ஐ.டி.ஐ. வெல்டர், ஆறு வருட அனுபவம். 7018 ராடில் (பலமான வேலைக்கான வெல்டிங் ராடு) 3ஜி (செங்குத்தாக நிற்கும் தகட்டில் வெல்டிங்) ஓட்டத் தெரியும். மேற்பார்வை வேலைக்குப் போகலாம் என்று ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசாரித்தால், எல்லா முதலாளியும் "சூப்பர்வைசரா? அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்கிறார்கள். நம்ம கடற்கரையில் இந்தப் பதவிக்கு எதிர்காலமே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். விஷயம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள். திருச்சிக்குப் போவதா, வளைகுடாவுக்கா?

19 ஏப்ரல், இரவு

தம்பி, உங்கள் முடிவு பாதிதான் சரி. நாலு பேர், எட்டுப் பேர் வேலை பார்க்கும் பட்டறையில் அளவெடுப்பதும் விலை சொல்வதும் ஆங்கிள் வாங்குவதும் முதலாளியேதான். அங்கே போய்ப் பதவி கேட்டால் கிடைக்காது.

பதவி எங்கே பிறக்கும் என்று பாருங்கள். டிராயிங் வெளியிலிருந்து வர வேண்டும். வேலையைப் பார்க்க வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வர வேண்டும். பில் கிலோ கணக்கில் போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் முதலாளி ஒருவரால் சமாளிக்க முடியாது, ஆள் வைத்தே ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவை சோலார் ஸ்ட்ரக்சர், மீன்பிடித் துறைமுக வேலை, பாலம், ஐஸ் பிளான்ட், மீன் பதப்படுத்தும் ஆலை ஷெட், தண்ணீர் டேங்க்.

ஒரு எச்சரிக்கை. சோலாரில் ஆள் தேவை கட்டும்போதுதான். கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழும்பியபோது தேவைப்பட்ட ஃபிட்டர், வெல்டர், சூப்பர்வைசர் கூட்டத்தில் சிறு பங்குகூட ஓடும் நிலையத்துக்கு வேண்டாம். அதை நிரந்தர வேலை என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

21 ஏப்ரல்

நேற்று முன்தினம் விட்டுப்போன ஒன்று. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையேறும் காலம். ஷாஃப்ட் (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு), ஸ்டெர்ன் டியூப் (அந்தத் தண்டு வெளியே போகும் குழாய்), புரொப்பல்லர், வின்ச், இன்ஜின் பெட் எல்லாம் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வந்து குவியும். எந்தப் படகின் ஷாஃப்ட் முதலில் லேத்தில் ஏற வேண்டும், புஷ் எப்போது வரும், வெல்டரை எந்தப் படகுக்கு அனுப்புவது என்று வரிசை போடுகிறாரே ஒருவர், அவர்தான் சூப்பர்வைசர். ஊரில் அவருக்கு மேஸ்திரி என்று பெயர்.

தப்பு நடக்கும் இடமும் இதில்தான். கரையில் வைத்தே ஷாஃப்ட் அலைன்மென்ட் (இன்ஜினோடு நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று) பார்த்து முடித்துவிடுவார்கள். மரப்படகு தண்ணீரில் இறங்கியதும் உடம்பு கொஞ்சம் வளைந்து அமரும். இறக்கி ஒரு நாளாவது மிதக்கவிட்டு, கப்ளிங்கை (ஷாஃப்ட்டை கியர்பாக்ஸோடு இணைக்கும் வட்டு) பிரித்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மேல், கீழ், இடம், வலம் நாலு பக்கமும் விட்டுப் பார்க்க வேண்டும். 150 மி.மீ. கப்ளிங் என்றால் வித்தியாசம் 0.15 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். இதைச் செய்யாமல் கடலுக்கு அனுப்பினால் பேக்கிங் ஒழுகும், புஷ் சீக்கிரம் தேயும், கியர்பாக்ஸ் சூடாகும். பழி லேத்காரர் தலையில் விழும்.

ஆக, "எதிர்காலமே இல்லை" என்பதை மாற்றிக்கொள்ளலாம். வேலை இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மட்டும் இருக்கிறது, அந்தப் பெயரில் இல்லை.

26 ஏப்ரல்

நல்ல வெல்டர் எல்லோரும் சூப்பர்வைசர் ஆகிவிட முடியாது. குறுக்கே நிற்பது கணக்கு. பெரிய கணக்கும் இல்லை, மனப்பாடமாக இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. 2500 × 1250 அளவில் 8 மி.மீ. தகடு ஒன்று 196 கிலோ. உருண்டைக் கம்பிக்கு மி.மீ. கணக்கில் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 50 × 50 × 6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, ஆறு மீட்டர் நீளம் 27 கிலோ. டிராயிங்கைக் கையில் வாங்கிப் பத்து நிமிடத்தில் "இது இத்தனை டன், இத்தனை ஆங்கிள், இவ்வளவு கழிவு போகும்" என்று சொல்லத் தெரிந்தால் முதலாளி உங்களை ராடு பிடிக்க விடமாட்டார்.

அடுத்தது ராடு கணக்கு. பாதிப் பட்டறைகளில் பணம் கரையும் ஓட்டை இது. டிராயிங்கில் 6 மி.மீ. ஃபில்லெட் (இரு தகடு சேரும் மூலையில் ஓட்டும் வெல்டிங்) என்றிருக்கும். கை தாராளமான வெல்டர் 8 மி.மீ. ஓட்டிவிடுவார். இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும். ஃபில்லெட்டின் குறுக்குவெட்டு ஒரு முக்கோணம். 6க்கு 18 சதுர மி.மீ., 8க்கு 32. இரண்டு மி.மீ. கூடினால் உலோகம் 78 சதவீதம் கூடுகிறது. 3.15 × 350 ராடு ஒன்றில், கட்டையும் தெறிப்பும் போக, வேலையில் படிவது சுமார் 17 கிராம். 6 மி.மீ. ஃபில்லெட் ஒரு மீட்டருக்குச் சுமார் 9 ராடு, 8 மி.மீ.க்குச் சுமார் 16. 200 மீட்டர் வெல்டிங் உள்ள வேலையில் 1,400 ராடு வீண். ராடோடு போகவில்லை: கரண்ட், வெல்டர் நேரம், அதிகச் சூட்டில் தகடு முறுக்கிக்கொண்டால் நிமிர்த்தும் கூலி. ஒரு வெல்டிங் கேஜை எடுத்துக்கொண்டு காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று வந்தால் இதைப் பிடித்துவிடலாம்.

27 ஏப்ரல்

பரமக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: 9 ராடு என்பது இரு பக்கமும் சேர்த்தா? இல்லை, ஒரு பக்கத்துக்கு மட்டும். இரு பக்கமும் என்றால் 18. நேற்றே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

11 மே

இந்தக் கடற்கரையில் இருப்பவருக்கு வெளியூர்க்காரரிடம் இல்லாத ஒரு படிப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது துரு. புதிய பாம்பன் பாலம் போன மாதம் 6ஆம் தேதி திறந்தார்கள். 72.5 மீட்டர் தூக்குப் பாலத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதன் உடம்பைப் பாருங்கள்: துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு, பாலிசிலாக்சேன் பெயின்ட். ஏன் இத்தனை? 1914இல் திறந்த பழைய பாலம் நூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டியது. மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் அரிமானச் சோதனை நிலையம் வைத்ததும் இதே காற்றுக்காகத்தான்.

கடலோரத்து இரும்பு வேலையில் சூப்பர்வைசர் பார்க்க வேண்டியவை, நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

வெல்டிங்: விட்டு விட்டு ஓட்டும் ஸ்டிட்ச் வெல்டிங் இங்கே ஆகாது. இடையில் விட்ட சந்தில் உப்புத் தண்ணீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதற்குள் எந்தப் பிரஷ்ஷும் போகாது. பலத்துக்குத் தேவையில்லாத இடத்திலும் சந்தை அடைக்கத் தொடர்ச்சியாக ஓட்ட வேண்டும். டிராயிங்கில் ஸ்டிட்ச் என்று இருந்தால் வேலை தொடங்குமுன்பே எழுத்தில் கேளுங்கள்.

ஓரம்: கட்டிங் ஓரம் கத்தி மாதிரி இருந்தால் பெயின்ட் அங்கே நிற்காது, காயும்போது பின்வாங்கிவிடும். கிரைண்டரில் 2 மி.மீ. அளவுக்கு உருட்ட வேண்டும். பிறகு ஓரம், வெல்டிங், போல்ட் ஓட்டை இவற்றுக்கு மட்டும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட்.

கழுவல்: பிளாஸ்டிங்குக்கு (துகளை வேகமாக அடித்துத் துரு நீக்குவது) முன்பே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்போடு பிளாஸ்டிங் அடித்தால் உப்பு குழிக்குள் இறங்கிவிடும். பார்வைக்கு எஸ்.ஏ. 2½ (பிளாஸ்டிங் சுத்தத்தின் ஒரு தரம்) பளபளக்கும், ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். நம் ஊரின் வம்பு என்னவென்றால் போர்வெல் தண்ணீரே பல இடங்களில் உவர். அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிற கதை. லாரித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வாங்குங்கள், டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) சட்டைப்பையில் வைத்திருங்கள். பெரிய வேலையில் மேற்பரப்பு உப்பைப் பட்டை ஒட்டிச் சோதிப்பார்கள். எவ்வளவு தாங்கும் என்பது ஸ்பெக்கில் (வேலை நிபந்தனைத் தாளில்) இருக்கும், பொதுவாகச் சதுர மீட்டருக்கு 20 முதல் 50 மில்லிகிராமுக்குள்.

பிரைமர்: பிளாஸ்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் என்பார்கள். கடலை ஒட்டிய யார்டில் அந்த 4 மணியை நம்ப வேண்டாம். நிறம் மங்கத் தொடங்கினால் மறுபடி அடிப்பதே வழி. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் சூடு ட்யூ பாயின்டுக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) மேல் 3 டிகிரியாவது இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரம் 80 சதவீதம் என்றால் ட்யூ பாயின்ட் 26 டிகிரி சொச்சம். இரும்பு 29 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். இரவு முழுக்க வெளியில் குளிர்ந்து கிடந்த ஹெவி செக்‌ஷன் காலை ஏழு மணிக்கு அந்தச் சூட்டில் இருக்காது. பெயின்டரை ஒன்பதரை வரை காத்திருக்கச் சொல்லும் தைரியம் சூப்பர்வைசருக்கு வேண்டும். கான்ட்ராக்டர் கத்துவார். கத்தட்டும்.

12 மே

நேற்று கால்வனைசிங் (இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது) விட்டுவிட்டேன். பைப், பாக்ஸ் செக்‌ஷன் எதையும் இரு முனையும் அடைத்து அனுப்பாதீர்கள். துத்தநாகத் தொட்டி சுமார் 450 டிகிரி. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிப் பைப் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. மூலைகளுக்கு நெருக்கமாகக் காற்றோட்டத் துளை, வடிதுளை இரண்டும் டிராயிங்கிலேயே குறித்துவிட வேண்டும். திரும்பி வந்த சரக்கை ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்தில் அடுக்கினால் வெள்ளைத் துரு பூக்கும். இடையில் மரக்கட்டை, ஒரு பக்கம் சாய்வு.

சைட்டில் கால்வனைஸ் பொருளை வெல்டிங் செய்தால் அந்த இடம் மொட்டை. சில்வர் பெயின்ட் அடித்து மறைப்பது ஊர் வழக்கம், அது அலுமினியம் நிறம் மட்டும்தான், பாதுகாப்பு இல்லை. துத்தநாகம் நிறைந்த பிரைமர்தான் அடிக்க வேண்டும்.

18 மே, கீழக்கரையிலிருந்து ஒரு கேள்வி

வீட்டு மாடிக் கைப்பிடிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் போட்டோம் என்றார்கள். எட்டு மாதத்தில் காப்பிக் கறை மாதிரி வந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

18 மே

304ஆகவே இருக்கலாம், கடலோரத்தில் 304க்கும் அந்தக் கறை வரும். அதைவிட மலிவான 202 ரகமாகவும் இருக்கலாம், காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நம் பக்கம் கடல் பார்த்த வேலைக்கு 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்பைத் தாங்குவது அதுதான். அதற்கென்று சோதனைச் சொட்டு மருந்து கடையில் கிடைக்கிறது, வாங்கும்போதே விட்டுப் பார்த்துவிடலாம்.

316 போட்டும் கறை வந்தால் பட்டறையில் தேடுங்கள். சாதா இரும்பு தேய்த்த கிரைண்டிங் வீலையும் வயர் பிரஷ்ஷையும் ஸ்டெயின்லெஸ் மேல் போட்டிருப்பார்கள். இரும்புத்தூள் பதிந்து அதுதான் துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் தனி மேசை, தனி வீல், தனி பிரஷ், முடிவில் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டுக் கழுவல். இந்தப் பிரிவினையை நடத்திக் காட்டுகிற ஆளுக்கு ஹோட்டல், ரிசார்ட் வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்கள் பதவி கொடுப்பார்கள்.

3 ஜூன்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். 304 எங்குமே ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பரமக்குடி, முதுகுளத்தூர் உள்பக்கம் அது போதும். வீண் செலவு செய்ய வைப்பதும் தப்புதான்.

15 ஜூன்

கச்சான் காற்று வீசும் நாட்களில் சி.ஓ.2 வெல்டிங் (கேஸ் போர்வையில் ஓட்டுவது) திறந்த வெளியில் வேண்டாம். மணிக்கு 8 கி.மீ. காற்றுக்கே கேஸ் கலைந்து வெல்டிங்குக்குள் ஓட்டை விழும். மேலே அழகாக இருக்கும், கிரைண்டரில் ஒரு இழை எடுத்தால் தேன்கூடு. தார்ப்பாய் கட்டி மறைக்க வேண்டும், இல்லையென்றால் ராடு வெல்டிங்குக்கு மாற வேண்டும்.

ராடு என்றால் 7018ஐ அடுப்பில் வைக்காமல் பயன்படுத்தாதீர்கள். 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஹோல்டிங் ஓவனில் வைத்து, வெளியே எடுத்த 4 மணிக்குள் தீர்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் அந்த அளவு ராடு மட்டும் கொடுங்கள். பாக்கெட்டோடு கொடுத்துவிட்டால் நம் ஈரக் காற்றில் மாலைக்குள் நமுத்துவிடும், அடுத்த நாள் கிராக் வரும்.

22 ஜூன்

சம்பளம். "சூப்பர்வைசர் ஆக்குறோம்" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். வெல்டருக்கு மாதம் 18,000 என்று வைப்போம். 26 நாள், 8 மணி, மொத்தம் 208 மணி. மணிக்கு 86 ரூபாய் 54 காசு. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இரட்டிப்பு, 173 ரூபாய். தினம் 3 மணி ஓ.டி. பார்த்தால் மாதம் 78 மணி, 13,500 ரூபாய். கைக்கு 31,500. அவரை 25,000க்குச் சூப்பர்வைசர் ஆக்கினால் பல இடங்களில் ஓ.டி. நின்றுவிடும். 6,500 குறைவு, பொறுப்பு அதிகம்.

23 ஜூன்

மேலே போட்ட கணக்கில் ஒரு திருத்தம், ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. 2025 ஜூனில் இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி ஓ.டி. காலாண்டுக்கு 50 மணி, விலக்கு வாங்கினால் 75. மாதம் 78 மணி என்பது சட்டத்தை மீறிய கணக்கு. 25 மணி என்று வைத்தால் ஓ.டி. 4,300 ரூபாய் சொச்சம், மொத்தம் 22,300. அப்போது 25,000 லாபம்தான்.

ஆனால் இன்னொன்று கவனியுங்கள். இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரம்பு 2025இல் மாதச் சம்பளம் 21,000, அந்த வரம்பில் ஓ.டி. சேராது. 18,000 வெல்டர் இ.எஸ்.ஐ.யில் இருப்பார், 25,000 சூப்பர்வைசர் வெளியே. வீட்டில் அப்பா அம்மாவுக்குத் தொடர் மருத்துவம் இருந்தால் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் தருமா என்று சேரும் முன்பே கேளுங்கள். இதைக் கேட்காமல் சேர்ந்து ஆஸ்பத்திரி பில் பார்த்துக் கலங்குகிற குடும்பங்கள் நிறைய.

13 ஜூலை

வளைகுடா. நம் கரையில் வீட்டுக்கு ஒருவராவது போயிருப்பார்கள், ஆகவே சுருக்கமாக. அங்கே பைப் வேலையில் ஃபோர்மேன், சூப்பர்வைசர் திறமையை டயா இஞ்சில் அளப்பார்கள். 6 இஞ்ச் ஜாயின்ட் பத்து முடித்தால் 60 டயா இஞ்ச். ஐசோமெட்ரிக் டிராயிங்கை (பைப் போகும் வழியை முப்பரிமாணமாகக் காட்டுவது) பார்த்து ஸ்பூல் (பட்டறையிலேயே சேர்த்த பைப் துண்டு) எத்தனை, ஷாப் ஜாயின்ட் எது, ஃபீல்டு ஜாயின்ட் எது என்று பிரிக்கத் தெரியாதவர் வெல்டராகவே திரும்புவார். 3ஜி போதாது, 6ஜி (சாய்வாக நிறுத்திய பைப்பில் வெல்டிங்) தேறிவிட்டுக் கிளம்புங்கள்.

பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். (வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும்) வகை. வெல்டர் டிரேடில் எட்டாவது படித்தவரும் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள், கொடுக்க மாட்டார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள், தம்பி. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

20 ஜூலை

ஐ.டி.ஐ. முடித்தால் டிப்ளமா இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாமே என்று தொண்டியிலிருந்து ஒருவர். அது ஃபிட்டர் போன்ற இரண்டாண்டு டிரேடுக்கு. வெல்டர் ஓராண்டு டிரேடு, அதற்கு இது பொருந்தாது.

24 ஆகஸ்ட்

திருச்சி பற்றிக் கேட்டீர்கள், நான் இழுத்துவிட்டேன். திருவெறும்பூர் பெல்லை (பி.எச்.இ.எல். பாய்லர் ஆலை) சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள்தான் தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடம். வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான், 1975 முதல் இருக்கிறது. பாய்லர் ஆர்டர் ஏறினால் ஆள் தேடுவார்கள், இறங்கினால் முதலில் வெளியேறுவது கான்ட்ராக்ட் ஆட்கள். அங்கே இரண்டு மூன்று வருடம் இருந்து டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் செய்முறைத் தாள்), என்.டி.டி. (உடைக்காமல் செய்யும் சோதனை) ரிப்போர்ட், இன்ஸ்பெக்‌ஷன் கால் என்று காகித ஒழுங்கைக் கற்றுக்கொண்டு திரும்புவது நல்லது. அங்கேயே ஆயுள் முழுக்க என்று முடிவெடுக்க வேண்டாம்.

தூத்துக்குடியில் இந்த மாதம் மின்கார் ஆலை திறந்ததும் பலர் துள்ளுகிறார்கள். கார் பாடியில் ரோபோ ஸ்பாட் வெல்டிங். நம் தொழில் அதன் ஷெட், கன்வேயர், பிளாட்ஃபார்ம், ஜிக் தரும் வெண்டர்களிடம் இருக்கும். விண்ணப்பம் அங்கே போடுங்கள்.

7 செப்டம்பர், உச்சிப்புளியிலிருந்து

ஒரு ஸ்ட்ரக்சர் கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் அண்ணே. அசிஸ்டென்ட் சூப்பர்வைசர். சைட் மண்டபம் பக்கம். என்ன கேட்பார்கள்?

7 செப்டம்பர்

சந்தோஷம் தம்பி. டிராயிங் ஒன்றைக் கொடுத்து எடை கேட்பார்கள், ஏப்ரல் 26 குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைட் மண்டபம் என்பதால் பெயின்ட் பற்றியும் கேட்கலாம், மே 11. வெல்டர் பட்டியல், ஸ்டாம்ப் எண், எந்த ஜாயின்டை யார் ஓட்டினார் என்று எப்படி எழுதி வைப்பீர்கள் என்பார்கள். கலர் பேனா போதாது, தினசரி ரிப்போர்ட்டில் ஜாயின்ட் எண்ணோடு ஏற வேண்டும் என்று சொல்லுங்கள்.

கட்டாயம் வரும் கேள்வி ஒன்று: ஐ.எஸ். 2062 (கட்டமைப்பு எஃகின் தரம்) தகட்டில் பாதியை வெட்டி எடுத்துவிட்டீர்கள், மிச்சத் துண்டு எந்தத் தகட்டினுடையது என்று எப்படித் தெரியும்? ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்த எஃகு என்று காட்டும் எண்) தகட்டின் ஒரு மூலையில்தான் இருக்கும். அந்த மூலை வெட்டுப்பட்ட துண்டோடு போய்விட்டால் மிச்சம் ஊர் பேர் இல்லாத இரும்பு, மில் சர்டிஃபிகேட் கையில் இருந்தும் இன்ஸ்பெக்டர் ஒதுக்கிவிடுவார். கட்டிங் டார்ச் பற்றவைக்கும் முன்பே, வெட்டப்போகும் துண்டு, மிச்சம் இரண்டிலும் நம்பரைப் பஞ்ச் அடித்து, சுற்றிப் பெயின்ட்டால் ஒரு கட்டம் போட வேண்டும். "வெட்டிய பிறகு" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

பஞ்ச் செட் 8 மி.மீ. எழுத்தாக இருக்கட்டும். சின்ன எழுத்து பிளாஸ்டிங்கில் அழிந்துவிடும்.